மேல்மாடியில் மிஷின் சத்தம்

ஒரு சட்டை முழுதாக வேண்டுமென்றால் அந்த மேல்மாடியில் ஐந்து வாசல் ஏறி இறங்க வேண்டும். படியேறியதும் முதல் அறையில் காலர், அடுத்ததில் ஓரம் அடிக்கும் ஓவர்லாக், பிறகு கை, பாக்கெட், கடைசி அறையில் காஜாவும் பட்டனும். அவரவர் குடித்தனமும் அந்தந்த அறையிலேயே. வெட்டின பீஸ்கள் காலையில் மூட்டையாக வரும். நாள் முழுக்க இந்த ஐந்து அறைக்குள் முன்னும் பின்னும் அலைந்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடச் சட்டையாகிக் கீழே இறங்கும். ஆட்களுக்கும் வேலையே பேராகிவிட்டது. காலர், கைக்காரி, பாக்கெட், பட்டன் அண்ணன். ஓவர்லாக் அக்காவுக்கு மட்டும் பேரோடு ஒரு மரியாதையும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் வாய்க்குப் பயந்து என்றும் சொல்லலாம்.

கூரை தகரம். வெயில் காலத்தில் தலைக்கு மேல் அடுப்பு எரிவதுபோல இருக்கும், மழை வந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. டீயில் பஞ்சு மிதக்கும், சோற்றில் நூல் கிடக்கும். "நம்ம வயித்த அறுத்துப் பார்த்தா ரெண்டு யூனிபார்ம் தைக்கலாம்டி" என்பாள் ஓவர்லாக் அக்கா. யாரும் சிரிக்க மாட்டார்கள். தினமும் கேட்கிற நகைச்சுவைக்கு யார் சிரிப்பது?

கீழே வீட்டுக்காரரின் பெயிண்ட் கடை. கடைக்குப் பின்னால் அவரும் அவர் மனைவியும் இருக்கும் வீடு. காலர் அறைக்கு நேர் கீழே அவர்களுடைய ஹால். மனிதர் கெட்டவர் இல்லை. தண்ணீர் மோட்டாரை நேரத்துக்குப் போடுவார், கூரை ஒழுகினால் அன்றைக்கே ஆள் அனுப்புவார். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். போலீஸ் தன் படியில் கால் வைக்கக் கூடாது. கௌரவமான கட்டடம் என்று நாலு பேர் சொல்ல வேண்டும்.

அந்தப் பிடிவாதத்தின் விலை என்ன என்று மேல்மாடி ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. காலர் வருவதற்கு முன்னால் அந்த அறையில் ஒரு நர்ஸம்மா இருந்தாள். புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பான். ஒருநாள் பொறுக்க முடியாமல் போலீஸுக்குப் போன் போட்டுவிட்டாள். வந்தார்கள், அவனைக் கூட்டிப்போனார்கள், மறுநாள் விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் மேலே வந்து, "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. ஆனா என் கட்டடத்துக்குப் பேர் கெட்டுப்போச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டபடியே காலி பண்ணச் சொன்னார். அன்றைக்கு மழை. அவளுடைய கட்டிலும் அடுப்பும், சலவை செய்து வைத்திருந்த வெள்ளைப் புடவைகளும் நடைபாதையில் நனைந்துகொண்டு கிடந்தன. அடித்தவன் ஒரு ராத்திரி வெளியே இருந்தான், அடிவாங்கியவள் ஒரேயடியாக வெளியே போனாள். அவ்வளவுதான் அந்தக் கட்டடத்தின் நியாயம்.

பிறகுதான் காலர் குடிவந்தாள், புருஷனோடும் ஒன்றாம் வகுப்புக்கு இப்போது போகிற ஒரு பெண்ணோடும். அப்போது அந்தப் பிள்ளை இடுப்பில் இருந்தது. புருஷன் தண்ணீர் கேன் வேன் ஓட்டுகிறவன். வெளியே அவனைப்போல மரியாதைக்காரனைப் பார்க்க முடியாது. வீட்டுக்காரரை 'அப்பா' என்பான். கடைக்கு லோடு வந்தால் கேட்காமலே பெயிண்ட் டின்களைத் தூக்கி அடுக்குவான். மோட்டார் ரிப்பேரானால் இவன்தான் கழற்றி மாட்டுவான். "பிள்ளைன்னா இவன மாதிரி இருக்கணும்" என்று வீட்டுக்காரர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வெளியே தேன், உள்ளே தேள் என்பது மேல்மாடிக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

முதல் தடவை அது நடந்தது ஒரு சாயங்காலம். சுவரில் ஏதோ மோதியது. பிறகு ஒரு அலறல். கைக்காரியும் பாக்கெட்டும் வராந்தாவுக்கு ஓடி வந்தார்கள். பட்டன் அண்ணன் கையில் கத்தரிக்கோலோடு வாசலில் நின்றார்.

"போன் போடுக்கா" என்றாள் கைக்காரி.

"போட்டு?" என்றாள் ஓவர்லாக் அக்கா. "நர்ஸம்மாவ அதுக்குள்ள மறந்துட்டியா? போலீசு வரும், அவனத் தட்டிட்டு விடும். காலைல இவ கட்டில் தெருவுல கிடக்கும். கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு எங்க போவா?"

"அதுக்காகச் சும்மா நிக்கறதாக்கா?" என்றார் பட்டன் அண்ணன்.

"சும்மா நிக்கச் சொன்னது யாரு? கீழ ஹால்ல அவரு உக்காந்திருக்காரு. ஒரு சத்தம் காதுல விழுந்தா போதும், இவ குடித்தனம் போச்சு. போங்க, போய் மிஷினப் போடுங்க. எல்லாரும் போடுங்க."

போட்டார்கள். ஓவர்லாக் மிஷின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. நாலு மிஷினும் ஒன்றாக ஓடியபோது தகரக் கூரையே அதிர்ந்தது. அவசரத்தில் துணி வைக்காமலே ஓட்டிப் பாக்கெட்டுக்கு ஊசி முறிந்தது. பட்டன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார். அன்றைக்குத் தைத்ததை எல்லாம் மறுநாள் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

அது அப்படியே பழக்கமாகிவிட்டது. அவனுடைய வேன் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டாலே கால் தானாகப் பெடலுக்குப் போகும். இதைப் பற்றிக் காலரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "சொன்னா கூசிப்போயிருவா. சொல்லாமச் செய்யறதுதான்டி உதவி" என்று அக்கா எல்லார் வாயையும் கட்டிவைத்திருந்தாள். மறுநாள் காலையில் ஒரு அவித்த முட்டையோ, சூடாக ஒரு டம்ளர் பாலோ காலர் அறைக்குப் போகும். அவள் பங்கில் பாதி மூட்டையை அக்கா எடுத்துத் தைத்துவிடுவாள். காலரும் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "தூக்கம் சரியில்லக்கா" என்பாள். "ஆமா, புழுக்கம்" என்பாள் அக்கா.

ஆரம்பத்தில் காலர் கத்துவாள். இரண்டொரு தடவை "அக்கா" என்றே கத்தினாள். அக்காவுக்கு அது கேட்டது. பெடலை இன்னும் அழுத்தி மிதித்தாள். கொஞ்ச காலத்தில் கத்தல் நின்றுபோனது. அவன் திருந்திவிட்டான் என்று கைக்காரி சொன்னாள். ஒட்டின சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் திருந்தவில்லை என்று தெரியும். ஆனாலும் கேட்காமல் இருப்பது கேட்பதைவிடச் சுலபம்தானே, அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

நாலு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

இந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் அவன் காலரின் வலது மணிக்கட்டை முறுக்கினான். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் அவன் வந்தபோது அவள் கதவைத் திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாளைப் போட்டு, மிஷினை இழுத்துக் கதவில் முட்டுக்கொடுத்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவனும் சத்தம் போடவில்லை. "கண்ணு, தொறம்மா" என்று தேன் குழைத்துக் கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு கீழே இறங்கி வீட்டுக்காரரிடம் போனான்.

காலையில் வீட்டுக்காரர் மேலே வந்தார். வராந்தாவில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, தம்பி நேத்து வந்து அழுதுட்டுப் போறான். உனக்கும் அவனுக்கும் ஒத்துவரலையாம். வீட்டைக் காலி பண்ணிக்கிறேன்னு சொல்லிட்டான். அக்ரிமென்ட் அவன் பேர்ல இருக்கு. ஒண்ணாந் தேதிக்குள்ள சாமான எடுத்துக்கோ. நீ உன் அம்மா வீட்டுக்குப் போறதா சொன்னான்."

"எனக்கு அம்மா இல்ல சார்" என்றாள் காலர்.

அவர் வராந்தாச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஓதம் ஏறுது" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

அன்று முழுக்க அக்கா காலர் அறையில் உட்கார்ந்துதான் தைத்தாள். அவள் காலரைத் தைத்துத் தைத்துப் போட, காலர் இடது கையால் அதைப் புரட்டி, குச்சியால் முனையைத் தள்ளிக் கூராக்கி அடுக்கினாள். மழை விட்டு விட்டுப் பெய்தது.

"டாக்டர் என்ன கேட்டாரு?" என்றாள் அக்கா.

"மிஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொன்னேன். மிஷின் கைய இப்படி முறுக்காதும்மான்னு சொல்லிட்டு, கீழ ஒரு ரூமுக்கு அனுப்புனாரு. அங்க ஒரு மேடம் இருந்தாங்க. சட்ட உதவியாம். காசு வாங்க மாட்டாங்களாம்."

"காசில்லாம ஒருத்தர் வழி சொன்னா அந்த வழில குழி இருக்கும்."

"அப்படித் தெரியலக்கா. மொதல்ல டீ வாங்கிக் குடுத்தாங்க. அழுது முடிக்கிற வரைக்கும் ஒண்ணுமே கேக்கல. அப்புறம் சொன்னாங்க. அடிச்சவனத்தான் வெளிய அனுப்பணுமாம். அடிவாங்கினவள அனுப்பக் கூடாதாம். அக்ரிமென்ட் அவர் பேர்ல இருந்தாக்கூட நான் இதே வீட்ல இருக்கலாமாம். பூட்டு மாத்திக் குடுக்கச் சொல்லி வீட்டுக்காரருக்கே உத்தரவு போடுவாங்களாம்."

அக்கா மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "சட்டம் ஆபீஸ்ல இருக்கு. வீட்டுக்காரரு கீழ இருக்காரு. எது கிட்டன்னு நீயே சொல்லு."

"எனக்கும் நம்பிக்கை இல்லதான். ஆனா இத விட்டா எங்கக்கா போவேன்? புள்ள பள்ளிக்கூடம் எதிர்ல இருக்கு. மூட்டை இந்தக் கட்டடத்துக்கு மட்டும்தான் வருது. இன்னொரு தெருவுக்குப் போனா யாரு என்னைத் தேடி வந்து காலர் குடுப்பாங்க? வீடு போனா வேலையும் போச்சு, வேலை போனா நான் அவர்கிட்டத்தான் திரும்பிப் போகணும். அவருக்கு அது தெரியும். அதனாலதான் அடிக்காம, அழுதுட்டுப் போயிருக்காரு."

அக்கா மறுபடி மிஷினை ஓட்டினாள். நூல் அறுந்துவிட்டது, கோத்தாள்.

"மேடம் நேர்ல வர்றாங்களாம். கை முறிஞ்சதுக்குச் சீட்டு இருக்கு, ஆனா நான் படில வழுக்கி விழுந்ததா அவரு சொல்லிருவாராம். அதனால யாராவது பார்த்தவங்க, கேட்டவங்க சொல்லணுமாம்" என்று சொல்லிவிட்டு, காலர் ஒரு முனையைத் தள்ளுவதிலேயே கவனமாக இருந்தாள். "யாரக் காட்டுறது? சாயங்காலம் எல்லாரும் லோடு முடிக்கிற நேரம். இந்த மிஷின் சத்தத்துல யாருக்கு என்ன கேட்டிருக்கும்?"

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது, இவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று. சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். "சாப்டியா?" என்று கேட்டாள்.

"புள்ள சாப்டுச்சு" என்றாள் காலர்.

சட்ட உதவி மேடம் ஒரு காலையில், கடை திறப்பதற்கு முன் வந்தாள். ஒல்லியான பெண், நனைந்த குடை, தோளில் ஒரு துணிப்பை. அதிகாரி என்றால் ஜீப்பில் வருவாள் என்று எதிர்பார்த்திருந்த மேல்மாடிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கீழ் ஹாலில் எல்லாரையும் உட்காரச் சொன்னாள். வீட்டுக்காரர் ஆள் அனுப்பி வேன்காரனையும் வரவழைத்திருந்தார். சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். மேடம் அவனைப் பார்த்ததும், "நீங்க கடைப் பக்கம் போய் இருங்க, உங்க பேச்ச அப்புறம் கேக்கறேன்" என்றாள். "சரிங்க மேடம்" என்று பணிவாகப் போய், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டின்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். அங்கிருந்தபடியே மேல்மாடிக்காரர்களைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

"நீங்க சொல்லுங்க சார்" என்றாள் மேடம்.

"நான் என்ன சொல்ல? இதோ இந்த நாற்காலிலதான் தினமும் சாயங்காலம் உக்காந்திருக்கேன். அவங்க வீடு நேர் மேல. நாலு வருஷத்துல ஒரு அழுக கேட்டதில்ல, ஒரு சண்ட கேட்டதில்ல. மிஷின் சத்தம் கேக்கும், அவ்வளவுதான். தெய்வத்துக்குப் பொதுவா சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

மேடம் மேல்மாடிப் பக்கம் திரும்பினாள். பாக்கெட், "நான் வேலையில இருந்திருப்பேங்க" என்றாள். கைக்காரி பாக்கெட்டைக் காட்டி, "நானும் அப்படித்தாங்க" என்றாள். பட்டன் அண்ணன் தரையில் இருந்த ஓடுகளை எண்ணுகிறவர்போலக் குனிந்திருந்தார். எல்லார் கண்ணிலும் நர்ஸம்மாவின் கட்டில்தான் நனைந்துகொண்டிருந்தது. சாட்சி சொல்லி, நாளைக்குப் போலீஸ் விசாரணை என்று வந்து நின்றால், ஐந்து குடித்தனமும் நடைபாதைக்குத்தான். அவரவர் அடுப்பு அவரவருக்கு.

"யாருமே கேட்டதில்லைன்னா நான் என்ன எழுத முடியும்?" என்றாள் மேடம். சலிப்பு அவள் குரலிலும் இருந்தது, இப்படி எத்தனை ஹாலைப் பார்த்திருப்பாளோ. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. எழுத ஒண்ணும் இல்லைன்னா அவங்க ஒண்ணாந் தேதி இந்த வீட்ட விட்டுப் போகணும்."

காலர்தான் பேசினாள்.

"விடுங்க மேடம். அவங்கள ஏன் சிரமப்படுத்தறீங்க? மிஷின் ஓடிக்கிட்டு இருந்திருக்கும். அவங்களுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாங்க. நல்லவங்க. எனக்கு முட்டை எல்லாம் குடுப்பாங்க."

ஓவர்லாக் அக்கா எழுந்து நின்றாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

"என்னம்மா?" என்றாள் மேடம்.

"கேட்டுச்சும்மா. மொத நாள்லேருந்து கேட்டுச்சு. சுவர்ல தலை மோதறது கேட்டுச்சு. தட்ட வீசறது கேட்டுச்சு. புள்ள அழறது கேட்டுச்சு. எனக்கு மட்டும் இல்ல, இதோ உக்காந்திருக்கற எல்லாருக்கும் கேட்டுச்சு. அதுக்குத்தான் மிஷினப் போட்டோம்."

"எதுக்கு?"

"சத்தம் கீழ வரக் கூடாதுன்னு." அக்கா வீட்டுக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினாள். "இவருக்குக் கேட்டா காலி பண்ணச் சொல்லிருவாரு. நர்ஸம்மாவச் சொன்னாரு. மழைல அனுப்புனாரு. கைக்குழந்தைக்காரி, இவளுக்கும் அந்தக் கதி வரக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன், எல்லாரும் மிஷினப் போடுங்கன்னு. என் வாய்தான் சொல்லுச்சு. இவங்க மேல தப்பில்ல. துணி இல்லாமக்கூட ஓட்டியிருக்கோம். எத்தனை ஊசி முறிஞ்சிருக்கும், கேளுங்க இவள."

பாக்கெட் அழ ஆரம்பித்தாள். பட்டன் அண்ணன் நிமிராமலே, "ஆமாங்க, கேட்டுச்சு" என்றார். கைக்காரியும் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப நாலு வருஷமா எல்லாரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க. என் வீட்ல, என் தலைக்கு மேல. நான் ஒருத்தன்தான் செவிடனா?"

"எனக்கும் கேட்டுதுங்க" என்றாள் அவருடைய மனைவி.

அந்த அம்மாள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு நேரமும் அவள் அங்கே இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. அந்த வீட்டில் அவளை யாரும் கவனிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

"மிஷின் ஓடறப்பவும் இடையில ஒரு சத்தம் வரும். அடுக்களைல நல்லாக் கேக்கும். நான் வந்து டீவியக் கொஞ்சம் ஏத்தி வைப்பேன்."

"எதுக்குடி ஏத்தின?"

"உங்களுக்குக் கேட்டா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியுமே" என்றாள் அவள். கோபமே இல்லாமல், சோறு ஆறிவிட்டது என்பதுபோலச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய பிள்ளை மாதிரியானவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். உள்ளே பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை.

மேடம் எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"சார், ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். இந்தம்மாவை இனிமே நீங்க காலி பண்ணச் சொல்ல முடியாது. சாட்சி சொன்னதுக்காக இவங்க யாரையும் சொல்ல முடியாது. நாளைக்கு போலீஸ் வந்தாலும் முடியாது. பத்து தடவ வந்தாலும் முடியாது. அடிபடறவங்க உதவிக்குக் கூப்பிட்டாங்கன்னு வீட்ட விட்டு அனுப்பறது சட்டப்படி தப்பு."

"அப்ப அந்த நர்ஸம்மா?" என்றாள் ஓவர்லாக் அக்கா.

"யாரு?"

"முன்னாடி இருந்தவங்க. போலீச கூப்பிட்டதுக்குத்தான் அனுப்புனாரு. அதுவும்...?"

"அதுவும் தப்புதான். அப்பவே சட்டம் இருந்துச்சு. ஒருத்தர் வந்து எங்ககிட்டக் கேட்டிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருக்கலாம்."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். நின்றிருந்த இடத்திலேயே, தரையில். இல்லாத ஒரு பயத்துக்காக நாலு வருஷம் பெடலை மிதித்திருக்கிறாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அதுகூடப் பரவாயில்லை. குரங்கு ஒரு பெண்ணைப் போட்டு அடிக்காது.

காலரின் பக்கம் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மற்றவர்களும் பார்க்கவில்லை. அதனால் அந்த நேரத்தில் காலரின் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அவள் எழுந்து, மேடத்துக்கு மட்டும் தலையசைத்துவிட்டு, மாடிப்படி ஏறிப் போனாள்.

பிறகு நடந்ததெல்லாம் காகித வேலை, மெதுவாகவே நடந்தது. உத்தரவு வந்தது. அவன் அந்தத் தெருவுக்குள்ளேயே வரக் கூடாது என்றார்கள். இரண்டு தடவை வந்து தெருமுனையில் வேனை நிறுத்திப் பார்த்தான். இரண்டாவது தடவை வீட்டுக்காரரே கடையை விட்டு இறங்கி, "இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டுப் போலீஸுக்குப் போன் போட்டார். போலீஸ் அவர் படியில் கால் வைத்தது. அவர் மனைவி அவர்களுக்குக் காபி கொடுத்தாள். கட்டடம் இடிந்து விழவில்லை.

வாடகை அக்ரிமென்ட் காலரின் பேருக்கு மாறியது. அவள் கட்டுப் பிரித்து மறுபடி தைக்க உட்கார்ந்தாள். கை பழையபடி திரும்பவில்லை, வளைவுக்கு வளைவு நிறுத்தி நிறுத்தித் தைத்தாள். காலர்கள் வழக்கம்போல அடுத்த அறைக்கு வந்தன. ஆனால் பேச்சு வரவில்லை. "எத்தனைக்கா இருக்கு?" "நூறு." "சரி." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அக்கா அவித்த முட்டை கொண்டுபோனாள். "இன்னிக்குப் புள்ளைக்கு வயிறு சரியில்லக்கா" என்றாள் காலர். அடுத்த நாள் கொண்டுபோனாள். அன்றைக்கும் பிள்ளைக்கு வயிறு சரியில்லை. அக்கா புரிந்துகொண்டு நிறுத்திவிட்டாள். கைக்காரியிடம் மட்டும், "திட்டித் தொலைச்சாப் பரவால்லடி. இது பெரிய ரோதனையா இருக்கு" என்று புலம்பினாள்.

பூட்டுக்காரன் வந்தது ஒரு மழை விட்ட மத்தியானம். உத்தரவுப்படி வீட்டுக்காரர் அனுப்பியிருந்தார். பழைய பூட்டைக் கழற்றி, கதவில் புதிதாக ஓட்டை போட்டு, தடித்த ஒரு பூட்டைப் பொருத்தினான். மேல்மாடியே வராந்தாவில் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. பட்டன் அண்ணன் மரத்தூளைப் பெருக்கித் தள்ளினார். பாக்கெட் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, "கும்முன்னு இருக்குக்கா" என்றாள்.

பூட்டுக்காரன் இரண்டு சாவியைக் காலரின் கையில் வைத்தான். "ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும். இன்னொண்ண பக்கத்துல நம்பிக்கையான ஆள்கிட்டக் குடுத்து வைங்க. அவசரம்னா வந்து தொறக்க ஆள் வேணும்ல? இந்த மாதிரி வீட்டுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க."

ஓவர்லாக் அக்கா, நூல் ஒட்டியிருந்த தன் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

"என்கிட்டக் குடும்மா. நான் பக்கத்துலதான இருக்கேன். இனிமே மிஷின் போட மாட்டேன். ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் வந்துருவேன். என் புள்ள மேல சத்தியம்."

காலர் அந்தக் கையைப் பார்த்தாள்.

"நீங்க அன்னிக்கு எந்திரிச்சுச் சொல்லலைன்னா இந்த வீடு எனக்கு இல்லக்கா. அத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றாள். "ஆனா ஒண்ணுக்கா. அவரு என்னைப் போட்டு அடிக்கிறப்ப எல்லாம் மனசுக்குள்ள ஒண்ணு சொல்லிக்குவேன். அக்காவுக்குக் கேக்கல. கேட்டிருந்தா ஓடி வந்திருக்கும்னு சொல்லிக்குவேன். அது ஒண்ண வெச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாள் இந்த ரூமுக்குள்ள இருந்தேன்."

அக்காவின் கை நீட்டியபடியே இருந்தது. காலர் குனிந்து, மிஷின் பலகையிலிருந்து அன்றைக்குத் தைத்து முடித்த காலர்களை எடுத்து, முனைகளைத் தட்டிச் சமன்செய்து, அந்தக் கையில் வைத்தாள். இரண்டு சாவியையும் ஒரே நூலில் கோத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"நூறு இருக்குக்கா, எண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மிஷினில் போய் உட்கார்ந்தாள்.